அழுக்குத் தெரியாத தரை

நாய் வளர்க்கிற வீட்டுக்கு வெள்ளைத் தரை ஆகாது. கறுப்பும் ஆகாது. வெள்ளையில் சேற்றுக்கால் தெரியும், கறுப்பில் உதிர்ந்த முடி தெரியும். மண்ணும் சாம்பலும் கலந்தாற்போல, புள்ளி புள்ளியாக ஒரு நிறம் வருகிறது, அதுதான் சரி. நாலு நாள் கூட்டாமல் விட்டாலும் இப்போதுதான் துடைத்த மாதிரி இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் தொழிலில் ஒரு நாயையே மறைக்கலாம்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். நான் டைல்ஸ் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையில் நிற்பவன். தரையிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியவன் என்றும் சின்னவள் என்றும் கூப்பிடுவேன். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது. கடைக் கிடங்கிலிருந்து என் பின்னாலேயே நடந்து வந்துவிட்டவன். சின்னவள் நாலு வருடத்துக்கு முன் வந்தாள். மற்றபடி வீட்டில் நானும் அக்காவும் மட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அவள்தான் எனக்குச் சோறு போட்டாள், படிக்க வைத்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் சொல்ல மாட்டேன்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கடுகளவு மஞ்சள் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். நான் அழுக்கை மறைத்துச் சம்பளம் வாங்கினேன், அவள் அழுக்கைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினாள். இரண்டு பேரும் காலையில் போய்ச் சாயங்காலம் வந்த வரைக்கும் இதில் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் ஓய்வு பெற்றாள். அதே வருடம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு, கால் பலம் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு நாள் முழுக்க அவளும் நாய்களும் ஒரே வீட்டில். பார்ப்பதற்கு அவளிடம் கண் இருந்தது, விரிப்பு இல்லை. தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வச்சாலும் அது புத்தி எங்க போகும்?" என்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பெரியவன் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று வாலை ஆட்டுவான்.

ஒன்பது மாதத்துக்கு முன் பழைய சிமெண்ட் தரை வெடித்துப்போனது. மாற்றித்தான் ஆக வேண்டும். உண்மையாகவே சொல்கிறேன், அவளைச் சமாதானப்படுத்தத்தான் அந்தப் புள்ளி டைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மரப்பலகை மாதிரி வருவது வேண்டாம், நாய் மூத்திரம் இறங்கினால் ஓரம் உப்பிவிடும். பளபளப்பும் வேண்டாம். பெரியவனுக்குப் பின்னங்கால் இடுப்பு தேய்ந்துவிட்டது. வழவழப்பில் வைத்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும், எழுந்திருக்க மாட்டான். எனவே சொரசொரப்பு. மாதிரிக் கற்கள் பதினாறை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, அவனை ஒவ்வொன்றின் மேலும் நடக்க விட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது கல்லில் தடுமாறாமல் நின்றான். அதையே எடுத்தேன்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "என் ரூமுக்கும், ரூம்லேருந்து பாத்ரூம் போற வழிக்கும் வெள்ளை. பளபளன்னு இருக்கணும். ஒரு முடி விழுந்தாலும் எனக்குத் தெரியணும்."

கடையில் நான் எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். முதலாளி சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகப் பழகியது. "வயசானவங்க நடக்குற இடமா? அப்ப பளபளப்பு வேண்டாங்க." விற்பனை போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

அப்போது மனதில் எதுவும் இல்லை, மேடம். சரி என்றேன், அவ்வளவுதான். டைல்ஸ் பதிக்க வந்த மேஸ்திரி கேட்டார். நீங்கள் அவரை விசாரித்தால் சொல்லுவார், அவர் பொய் பேசுகிற ஆளில்லை.

"அண்ணே, அக்காவுக்குக் காலு சரியில்ல. அவங்க நடக்குற இடத்துல போய் இதைப் போடுறீங்களே?"

"அவங்களே கேட்டாங்க மேஸ்திரி."

"கேப்பாங்க. வழுக்கும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நாய்க்குச் சொரசொரப்பு, அக்காவுக்குக் கண்ணாடி. நல்ல வீடுய்யா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் வீடு அமைதியாக இருந்தது. கூடத்தில் முடி இருந்தது, அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதைத் தரையில் தேய்த்து எடுத்திருக்கிறாள். விரித்துக் காட்டினாள். அடுப்புத் துடைத்த துணி மாதிரி இருந்தது.

"தெரியலேன்னா இல்லேன்னு ஆயிடுமா தம்பி?" என்றாள்.

அதிலிருந்து தினம் ஒரு கைக்குட்டை. நான் வரும்போது கொடியில் வரிசையாகத் தொங்கும், துவைக்காமல், நான் பார்ப்பதற்காக. கோபப்பட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. கோபம் வந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன், அழுதிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். எனக்கு வெறுமனே களைப்பாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது சொன்னாள். ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கிற ஒருவரிடம் பேசிவிட்டாளாம். அடுத்த ஞாயிறு வண்டியோடு வந்து இரண்டையும் கொண்டுபோய்விடுவார். காவலுக்கு நாய் வேண்டுமாம், வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பார்.

"அக்கா, பெரியவனுக்குப் பதிமூணு வயசு. எழுந்து நிக்கவே ஒருத்தர் பிடிக்கணும். அங்க ஒரு வாரம் தாங்க மாட்டான்."

"தாங்கலேன்னா என்ன பண்றது? நாய்தானே. நானா, அதுங்களான்னு நீயே முடிவு பண்ணு."

இன்னொரு வாய் சாதம் போட்டுக்கொண்டாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, பேச்சுக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, கூடத்திலிருந்து அந்த வெள்ளை வழிக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன மரத்தடுப்பு மாட்டினேன். முழங்கால் உயரம். மனிதர்கள் கொக்கியை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம், நாய்கள் போக முடியாது. "இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். புதன்கிழமை, பாத்ரூம் வாசலில் கிடந்த ரப்பர் விரிப்பைத் துவைக்க எடுத்தேன். துவைத்தேன், காயப்போட்டேன், திரும்ப விரிக்கவில்லை. இரண்டு நாளும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். "என்னடா இப்படி வழுக்குது?" என்றாள் ஒரு தடவை. "புதுசுல அப்படித்தான் இருக்கும்க்கா, பழகிடும்" என்றேன். தரை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் நம்பினாள். தரை விஷயத்தில் என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுவதற்கு முன் அந்த வழியைத் துடைத்தேன். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி சோப்புத் திரவம் போதும், அதையும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன். நான் அரை வாளிக்கு நாலு மூடி ஊற்றினேன். அலசவில்லை. பார்ப்பதற்கு மிகவும் சுத்தமாக இருந்தது.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவள் கதவு திறந்தது. நான் கூடத்தில் பெரியவனுக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் ஒன்றுதான், பெரிதாகவும் இல்லை. பெரியவன் உடம்பை உதறி எழப் பார்த்தான். "ஒண்ணுமில்லடா" என்று பிடித்து உட்கார வைத்தேன். "தம்பி" என்று மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை மெதுவாக. முதுகு முடிந்து வால் பக்கம் வந்திருந்தேன். அதையும் முடித்துவிட்டு, சீப்பிலிருந்த முடியைக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு போனேன்.

பின்மண்டை அடிபட்டு மல்லாந்து கிடந்தாள். ரத்தம் அதிகமில்லை. அந்தச் சோப்பை அப்படியே விட முடியாது, யாராவது வந்து பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் இரண்டு வாளி கொண்டுவந்து அவளைச் சுற்றித் துடைத்தேன். வலது கை வழியின் குறுக்கே நீண்டிருந்தது. தூக்கி வயிற்றின் மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தையும் துடைத்தேன். கண் திறந்திருந்தது, நான் செய்வதையே பார்த்தாள். அடிபட்டதில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"மூலையில விட்டுட்டியே தம்பி" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், மூலையில் நுரை இருந்தது. துடைத்தேன். "சரியா இருக்காக்கா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது ஏழாகப் போகிறது. அவர்கள் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். மறுநாள் மதியம் அக்கா இறந்த பிறகு, டாக்டர் "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாம்" என்றார். அதை வைத்து ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் தப்பு எழுதிவிடாதீர்கள். தாமதம் என்னுடையது.

துக்கத்துக்கு வந்தவர்கள் "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். தோட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து, விஷயம் கேள்விப்பட்டு, வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பெரியவன் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்தீர்கள். தரை இவ்வளவு வழுக்கும் என்று தெரியாமல் போயிற்று, தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்றேன். நீங்கள் அந்தத் தடுப்பை அசைத்துப் பார்த்தீர்கள், குனிந்து சுவரோரம் விரலால் தொட்டீர்கள். திருகாணிக்குத் துளை போட்டபோது கொட்டிய வெள்ளைத் தூள், தடுப்பு புதிது என்று காட்டிக்கொடுத்தது. நான் கூட்டியிருந்தேன், ஆனால் கூடத்துப் பக்கம் புள்ளித் தரை, எனக்கே கண்ணில் படவில்லை.

"இது எதுக்கு?"

"நாய்ங்க அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு. பெரியவனுக்கு இடுப்பு சரியில்ல மேடம், வழுக்கி விழுந்துடுவான்."

"அப்ப நாய் வழுக்கி விழும்னு தெரிஞ்சிருக்கு."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா கேட்டாள், முடி விழாமல் இருக்க மாட்டினேன் என்றால் நீங்கள் போயிருப்பீர்கள். எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. தடுப்பை எதற்கு மாட்டினேனோ அதையே சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

வருத்தம் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமில்லையா, அப்படித் தினமும் கிள்ளிப் பார்க்கிறேன். இன்னும் எதுவும் தெரியவில்லை. இதை நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. வழுக்கும் என்று தெரிந்து, விழுவாள் என்று தெரிந்து செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. நாய்களை வைத்திருக்கிற காப்பகத்தில் மழமழவென்று மெழுகிய சிமெண்ட் தரை என்று உங்கள் காவலர் சொன்னார். தயவுசெய்து பெரியவன் படுக்கிற இடத்தில் இரண்டு சாக்காவது விரிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். வழுக்கும் என்று தெரிந்த இடத்தில் ஓர் உயிரை விட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வராது.