மூடியைத் திறக்கச் சொன்னவன்

பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சீட் உறையையும் பெயிண்டையும்தான் பார்க்கிறார்கள், ஐயா. என் சகலையும் அப்படித்தான் வாங்கினார். மெக்கானிக் நான் ஒருவன் குடும்பத்திலேயே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல வண்டியாகவே பார்த்துக் கொடுத்திருப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. சலவைச் சட்டை, பளிச்சென்று மழித்த முகம், எதற்கும் ஒரு சிரிப்பு. என் மனைவிக்கு அக்கா கணவர் சொன்னால் வேதவாக்கு. பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த ஃப்ரிட்ஜ் வாங்குவது, எல்லாவற்றுக்கும் "அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்பாள். அவர் வருகிறார் என்றால் வாரிய தலையையே இன்னொரு முறை வாருவாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் என் விரல்களைப் பார்த்து, "சகலை கைகிட்ட சோப்பே தோத்து ஓடிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாங்கிய வாரமே வண்டி சூடேற ஆரம்பித்தது. பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன் சீட்டிலிருந்து என் மனைவி இறங்கினாள். வழி காட்ட வந்தாளாம். அவருக்குத் தெரியாத வழி பாருங்கள்.

"ஓடும்போது ஒண்ணும் பண்ணல சகலை. சிக்னல்ல நின்னாத்தான் முள்ளு ஏறுது" என்றார்.

அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. இருந்தாலும் முறைப்படி பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை, ஒழுகவில்லை. இன்ஜினை நிறுத்தாமல் ஓட விட்டேன். முள் சிவப்பைத் தொட்டும் ரேடியேட்டர் விசிறி அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் ஜோராகச் சுற்றியது. ஆக, மோட்டாரில் குறையில்லை. சூடு ஏறினால் விசிறியை ஓடச் செய்யும் சுவிட்சுதான் செத்திருந்தது. சின்னச் சாமான். என் அலமாரியிலேயே புதிதாக ஒன்று இருந்தது.

அலமாரிப் பக்கம் திரும்பினேன். பின்னால் அவள் சிரிப்பு கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. சுவிட்சை எடுக்காமலே கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"உள்ளே காத்து அடைச்சிருக்கு அண்ணே. முள்ளு ஏறுச்சுன்னா ஓரங்கட்டிட்டு, ஆறுறதுக்குள்ள ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடுங்க. சரியாயிடும்."

காற்று அடைத்தால் மூடியைத் திறப்பது உண்மையான வைத்தியம்தான், ஆறிக் கிடக்கிற வண்டிக்கு. கொதிக்கிற வண்டியில் திறந்தால் வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். நான் அவருடைய முகத்தைத்தான் நினைத்தேன். பக்கத்தில் அவளும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டறைப் பேச்சு என்றால் அவளுக்குக் கொட்டாவி வரும். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக்கு எல்லோரும் அந்தக் காரில் கிளம்பினார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சகலை சொன்னது. நெரிசலில் முள் ஏறியிருக்கிறது. அவர் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிவிட்டு, "எனக்கென்னமோ பயமா இருக்கும்மா, கொஞ்சம் ஆறட்டும்" என்றிருக்கிறார்.

"ஆறுறதுக்குள்ள திறக்கணும்னு அவர் சொன்னாரே, அத்தான். வண்டி விஷயத்துல எங்க வீட்டுக்காரர் சொன்னா தப்பே வராது" என்றாளாம்.

அவர் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் துணியைச் சுற்றிப் பிடித்து அவளே திறந்திருக்கிறாள்.

பார்வை திரும்பாது என்கிறார் டாக்டர். உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அவள், "அவர் சரியாத்தான் சொல்லியிருப்பார், நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை எழுதாதீர்கள். அவள் சரியாகத்தான் கேட்டாள். தெரிந்தேதான் சொன்னேன், சகலை முகம் வேக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை, ஐயா. இத்தனை வருஷம் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள். அன்றைக்கு ஒருநாள் அவர் சொன்னதைக் கேட்டுப் பேசாமல் நின்றிருக்கக் கூடாதா?