கான்கிரீட் கட்டிகளின் எண்ணைக் கணினியில் ஏற்றித் தந்த பஞ்சநாதனார்க்கு

அரும்பாவூர் ஈன்ற அருங்கலமே! பெரம்பலூர்க் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தின் பெருந்துணையே! முப்பத்தோராண்டு, பழுதென்று வந்த எக்கருவியையும் பழிக்காது, பரிவோடு தொட்டுப் பார்த்து, இன்று பணி நிறைவு பெறும் பஞ்சநாதனாரே! தங்கள் சீரெல்லாம் அடுக்கச் சிறுமாலை போதாது. எம் ஆய்வாளர் அழகேசனார் அடைந்த ஓர் ஆறுதலை மட்டும் உரைத்து அமைகிறோம்.

சில ஆண்டுகளுக்குமுன், ஆயுதபூசை விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த காலை. பாடாலூர்ப் பாலத்துக் கான்கிரீட் கட்டிகள் பன்னிரண்டுக்கும் அன்றோடு இருபத்தெட்டு நாள் நிறைவு. அன்றே நசுக்கி வலிமை காணாவிடில் சோதனை செல்லாது. நசுக்கும் கருவி நலமாய் இயங்கியது. அது காட்டும் எண்தான் கணினிக்கு வரவில்லை. கையால் எழுதினால் பாலத்தார் ஏற்கமாட்டார். தகுதிகாண் பருவம் முடிந்து பணி உறுதியாக இன்னும் ஒரு வாரமே இருந்த ஆய்வாளர் அழகேசன், பதற்றத்தில் கணினி எண்ணை வாங்கும் வேக அமைப்பை மாற்றிப் பார்த்தார். மேலாளர் கோகுலகிருஷ்ணன் கண்டுவிட்டார்.

"யாரக் கேட்டு அதுல கை வெச்சீங்க? சாயங்காலத்துக்குள்ள எண் ஏறலன்னா வேற எடம் பாத்துக்கங்க!"

அப்போது தாங்கள் வந்தீர்கள். வேகத்தைப் பழையபடி வைத்தீர்கள். கருவியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, அது செருகும் கணினியின் பின்னுள்ள சீரியல் போர்ட்டில், அனுப்பும் ஊசியையும் வாங்கும் ஊசியையும் சிறு கம்பியால் இணைத்தீர்கள். தட்டிய எழுத்து திரைக்கே திரும்பியது.

"கம்ப்யூட்டர் மேல குத்தமில்ல தம்பி. நீங்க ஒண்ணும் கெடுக்கல."

அழகேசனுக்குப் பாதி உயிர் வந்தது. பின்பு கேபிளைச் செருகி, மறுமுனையில் அதே கம்பியை வைத்தீர்கள்; எழுத்து திரும்பவில்லை; பழுது கேபிளில்தான். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கணினிப் பக்கத்து முனையின் துளைகளில் காய்ந்த சந்தனம்!

"பொட்டு வெச்சதும் நீங்கதானா?" என்று மேலாளர் மீண்டும் அழகேசன்மீது பாய்ந்தார்.

"பூசை அன்னிக்கி அவர் லீவுங்க சார். தொடைக்கிறேன்னு எல்லாத்தயும் கழட்டி, ஒண்ணுவிடாம பொட்டு வெச்சவன் நாந்தான். சாமி கும்புட்ட வேகத்துல வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எதுன்னு பாக்கல," என்றீர்கள் தாங்கள்.

"நல்லவேள, கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம் குடுக்காம விட்டீங்களே!" என்று மேலாளரே சிரித்துவிட்டார்.

துளைகளைத் தூய்மையாக்கினீர்கள். முதற்கட்டி நொறுங்கிய கணமே திரையில் எண் எழுந்தது. அழகேசன் நாற்காலியில் சாய்ந்து நெடுமூச்செறிந்தார். மாலைக்குள் பன்னிரண்டும் ஏறின; மறுவாரம் அவர் பணியும் உறுதியாயிற்று.

பழுது நீக்கிய கைக்கு மட்டுமன்று, பழி பிறர்மேல் நிலைக்குமுன் "நாந்தான்" என்று முந்திய நெஞ்சுக்கும் எம் வணக்கம்! சிறுவாச்சூர் மதுரகாளியம்மை அருளால், நோயணுகா உடலும், எவரும் அவசரமாய் அழைக்காத காலைகளும், நெடிது வாழும் நிறைவும் தங்களுக்கு வாய்க்க!

இங்ஙனம்,
ஆய்வகப் பணியாளர் அனைவரும்

அவையில் வாசித்து அளிப்பவர்: அழகேசன், முதுநிலை ஆய்வாளர்