இடதுபக்கப் பட்டை

அடுத்தவர் முகத்தை மழிப்பது சுலபமில்லை, ஐயா. தாடைக்குக் கீழே தோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். தம்பிக்கு இப்போது நான்தான் மழித்துவிடுகிறேன். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

பட்டறையைப் பற்றிக் கேட்டீர்கள். மோட்டார் சைக்கிளை ரோட்டில் விரட்டிச் சோதிப்பது ஆபத்து. அதனால் தரையில் பதித்த இரும்பு உருளைமேல் பின்சக்கரத்தை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிடுவோம். முன்சக்கரத்தைக் கவ்வியில் இறுக்கி, இரண்டு பக்கமும் பட்டை போட்டுத் தரை வளையத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். கட்டுவது நான், ஏறி முறுக்குவது தம்பி. ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு ஒன்றும் கேட்காது என்பதால், கட்டி முடித்ததும் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவேன். மற்ற பட்டறைகளில் ஓட்டுகிறவன் தானும் ஒருதரம் பட்டையை இழுத்துப் பார்ப்பான். எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. "எங்கண்ணன் தட்டுனா கடவுளே தட்டுன மாதிரி" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தது நான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, மனைவியோடு கிளம்புகிறேன் என்றான்.

"நான் தனியா என்னடா பண்ணுவேன்?"

"ஆள் வச்சுக்க அண்ணே. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, உன்னப் பாத்தா வண்டிகூட ஸ்டார்ட் ஆகாது."

அவன் மனைவியும் சிரித்தாள். நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். அவன் பாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கையாலாகாதவன் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அவன் கிளம்புமுன் கடைசியாக ஒரு வண்டியைச் சோதித்தோம். அன்று வலதுபக்கப் பட்டையை நன்றாக இறுக்கினேன். இடதுபக்கத்தை வளையத்தில் மாட்டியதோடு சரி. ஒரு கால் முறிந்தால் போதும், அந்த வேலை கைநழுவிப் போகும் என்று நினைத்தேன். பிறகு முதுகில் தட்டினேன். அவன் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வேகம் ஏறியதும் பின்சக்கரம் உருளையைவிட்டுத் துள்ளி, வண்டி சாய்ந்து, அவனைச் சுவரில் அடித்தது. முதுகெலும்பு போய்விட்டது. நான் அழுதது நடிப்பில்லை, ஐயா.

பழைய பட்டை நழுவிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். "உன்மேல தப்பில்ல அண்ணே, அழாத" என்று படுக்கையிலிருந்து அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அவன் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கால்விரல் அசைகிறது, விடாமல் செய்தால் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவான் என்றார். தம்பி மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மாமா, இவர் எழுந்து நடந்ததும் நாங்க கிளம்பிடலாம்ல?" என்றாள்.

அடுத்தமுறை அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வீட்டில், அவருக்கு மாற்றலாகிவிட்டது, வேறு ஆளை நானே தேடுகிறேன் என்றேன். அவர்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். விரல் இப்போது அசைவதில்லை.

பட்டையை வேண்டுமென்றேதான் இறுக்காமல் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கூட்டிப்போகும்முன் கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. தூக்கி உட்காரவைக்க, திருப்பிப் படுக்கவைக்க அவன் மனைவி ஒருத்தியால் ஆகாது; என்னைவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு நாதி ஏது?