முட்டு பிரிக்கிற நாள்

அந்தக் கம்பு மேல கை வைக்காத அண்ணாத்தே. எடு, மொதல்ல கைய எடு. கடப்பாரைய அப்டி செவுத்தோரமா சாத்திட்டு வெளிய வா. உன்னிய நான் தடுக்கல. உன் வூடு, உன் தளம். ஆனா தளத்துக்கு அடில நிக்கிற முட்ட பிரிக்கிறது கொத்தன் வேலை. நீ துறைமுகத்துல கப்பல் சரக்கு தூக்கற விஞ்சு ஓட்டறவன். இந்த கிருஷ்ணப்பன் மேஸ்திரி அங்க வந்து உன் விஞ்சுல கை வச்சா உடுவியா? உடமாட்ட இல்ல.

குந்து. ஜல்லி மேல வோணாம், குத்தும், இந்தப் பலகை மேல குந்து. நான் கோச்சிக்கல. ஆமா, தளம் போட்டு இருபத்தோரு நாளுல முட்டு பிரிப்பேன்னுதான் சொன்னேன். இன்னிக்கி முப்பத்தெட்டாவது நாளு. ஈஸ்டர் முடிஞ்ச கையோட உம் பொண்ணு ஃப்ளோரன்சுக்கு கல்யாணம். மாப்ள இங்கியே வந்து தங்கப் போறாரு, பின்னாடி ரூம்பு அதுங்களுக்கு. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்கன்றதும் தெரியும். எல்லாம் தெரியும் அண்ணாத்தே.

ஏன் லேட்டுன்னு கேக்கறியே. நியாயந்தான். தப்பு எங்க ஆரம்பிச்சிதுன்னா, பழைய கூரை ஓட்ட எறக்குனதுல. மணலு, ஜல்லி, கம்பி, சிமெண்டு நாலும் வாசல்ல வந்து எறங்கினப்பறம்தான் பழைய கூரைல கை வைக்கணும். உன் பொஞ்சாதி ரோசி அக்கா இன்னா சொல்லிச்சி? செவ்வாக்கெழம அந்தோணியாரு நாளு, அன்னிக்கே ஆரம்பிச்சிடுன்னுச்சி. நானும் தலைய ஆட்டிட்டேன். ஓட்ட எறக்கிட்டோம். சர்க்காருகிட்டேர்ந்து சிமெண்டு பர்மிட்டு வர ஆறு வாரம் ஆச்சி. நீங்க ஆறு பேரு உன் தங்கச்சி வூட்டு ஒத்த ரூம்புல, வூடு இங்க வானத்த பாத்துகினு கெடந்துச்சி.

இல்ல, உங்கள கொற சொல்லல. கேளு. பர்மிட்டு வந்துச்சி, பலகை அடிச்சாச்சி, அப்ப நீ வந்து சமையல் ரூம்பையும் தளத்துக்குள்ள சேத்துடுன்ன. எட்டடி கூடுதல். பேப்பர்ல எட்டடி இத்துனூண்டு கோடு. வேலைல அது பத்து நாளு. பலகைக்காரன் திரும்ப வரணும், கம்பி கட்றவன் திரும்ப வரணும். சிமெண்ட கூட்டிக்கினோம், ஜல்லிய கூட்டிக்கினோம். மணலு மட்டும் பழைய அளவுக்கே சொல்லிக் கீதுன்னு உனக்கும் தோணல, எனக்கும் தோணல. உன்னிய உடு. எனக்குத் தோணிக் கீணும்.

விசயத்துக்கு வரேன், வரேன். எழுந்துக்காத. அந்த ரூம்புக்குள்ள போவாத, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் போவாத.

தளம் போட்ட அன்னிக்கி காலைல நீ இங்கதான இருந்த? தெருவே வரிசை கட்டி நின்னுச்சி, கலவைப் பாண்ட கைமாத்தி கைமாத்தி மேல ஏத்துச்சி. உங்க ஆளுங்களுக்கு அது ஒரு பழக்கம், ஒருத்தன் தளத்துக்கு ஊரே கை குடுக்கறது. ரோசி அக்கா அண்டா நெறைய சோறு ஆக்கி வச்சிருந்துச்சி. நீ ஷிப்டுக்குப் போறச்ச எல்லாரு எதிர்லயும் இன்னா சொன்ன? இனிமே ஒரு நாளு தள்ளிப்போச்சின்னா வேற மேஸ்திரிய வச்சிக்கிறேன்ன. சொன்ன அண்ணாத்தே. சிரிச்சிகினுதான் சொன்ன. எனக்கு அது இங்க வந்து குத்திச்சி.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மணலு தீந்து பூட்ச்சி. முன்பக்கம் முடிஞ்சிது, சமையல் ரூம்பு முடிஞ்சிது, பின்னாடி ரூம்பு அப்டியே கீது. மணலு அடிக்கிற பக்ருதீன் லாரிக்கு ஆள் அனுப்பினேன். அது திருவொத்தியூர் தாண்டி அச்சு ஒடைஞ்சி நிக்குதாம். இன்னா பண்ணுவ? நடு செவுத்தோட வேலைய நிறுத்தி, மறுநாளு மிச்சத்த போட்டிருக்கலாம். இப்ப சொல்றேன், அதான் சரி. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு தள்ளிப் போயிருக்கும். ஆனா நாப்பது பேரு கைய நீட்டிகினு நிக்கறாங்க, என் காதுல நீ சொன்னது ஓடிகினு கீது.

நாலு பொம்பளைங்க பாண்ட தூக்கிகினு கடலோரம் எறங்கிடுச்சிங்க. நான் சொல்லல. சத்தியமா நான் சொல்லல. தொ, நாப்பது அடில கெடக்குது மணலு, அத்த உட்டு லாரிக்கு ஏன் காத்துக் கெடக்கறேன்னு அதுங்களே போச்சிங்க. மொத பாண்டு வந்துச்சி. ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சேன். உப்பு. வோணாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். வரல. ஒதுங்கி வழி உட்டேன்.

பின்னாடி ரூம்பு தளம் முழுக்க கடல் மணலு அண்ணாத்தே.

அடிக்கிறதா இருந்தா அப்பால அடி. மிச்சத்தயும் கேட்டுக்க. பலகைக்காரன் வூட்டுல சாவுன்னு சொன்னது கப்சா. கலவை போடற பெரியாளுக்கு காய்ச்சல்னது கப்சா. கம்பு இன்னும் பச்சையா கீது, காயட்டும்னேன் பாரு, அத்த நீ எப்டி நம்பினன்னே தெரியல. பதினேழு நாளா தினம் உங்கிட்ட சொல்லணும்னு வந்து, உம் மூஞ்சியப் பாத்து, வேற ஒண்ண சொல்லிட்டுப் போவேன்.

இன்னாது? தட்டிப் பாத்தியா? கல்லாட்டம் கீதா? கீது, ஆமா. முட்ட உருவினா உழும்னு நெனச்சிகினியா? உழாது. நின்னுடும். அதான் எனக்கு பயம். இன்னிக்கி நீ உருவினா அழகா நிக்கும். நான் பூசி, சுண்ணாம்பு அடிச்சி, சாவி குடுத்துடுவேன். அப்பால யாருக்கும் தெரியாது, நானும் வாயத் தொறக்க மாட்டேன். என்னிய எனக்குத் தெரியும். உப்பு உள்ள குந்திகினு கம்பிய தின்னும். அஞ்சு வருசம், ஆறு வருசம். மேல பாத்தா வெள்ளையடிச்ச தளம், உள்ள கம்பி துருவு. என்னிக்கோ ஒரு நாளு, உம் பொண்ணும் மாப்ளயும் அடில பகல்ல தூங்கிகினு இருக்கறச்ச.

உனக்கு எப்டித் தெரியும்ன்ற. இங்க பாதிப் பேரு அதுலதான் கட்டிக்கிறாங்கன்ற. கட்றாங்க. நானும் கட்டினேன். அறுபத்தஞ்சுல எர்ணாவூருல, கடலோரம் சும்மா கெடக்குதேன்னு வண்டி வண்டியா அள்ளியாந்து, ஒரே மாசத்துல. அவ்ளோ ஜல்தியா வூடு கட்டினவன் இல்லன்னு தெருவுல எல்லாரும் சொன்னாங்க. எழுபத்தொண்ணுல ஒரு மத்தியானம் என் பொஞ்சாதி பூவம்மா அரிசி பொடைச்சிகினு இருந்தா. மழை இல்ல, காத்து இல்ல. நான் வாசல்ல பல்லு குத்திகினு நிக்கிறேன்.

உசுரோட கீறா. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி ஒண்ணியும் இல்ல. தளம் ஏன் உழுந்துச்சின்னு யாரு கேட்டாலும் கம்பி மட்டம்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கும் அதான் சொல்லிக் கீறேன்.

முட்டு அடில நிக்கட்டும், நின்னாதான் மேலேர்ந்து ஒடைக்க முடியும். பின்னாடி ரூம்பு மட்டுந்தான், மத்ததெல்லாம் ஆத்து மணலு. கல்யாணத்துக்கு வூடு ஆவாது, சம்மந்தி வூட்டுக்கு நானே வந்து சொல்றேன். சம்மட்டி எடுத்தாந்து வச்சிக் கீறேன். ஏணியப் புடி அண்ணாத்தே, நான் மேல ஏறறேன்.