நல்லது கெட்டதுக்கு ஒரே நிலை

நம் இரு ஊர்ப் பொதுக் கூடத்துக்கு வாசல் நிலை வைக்கும் இந்த நன்னாளில், நிலைகொள்ளாத மகிழ்ச்சியை நெற்றித் திருநீற்றுக்குக் கீழே மறைத்துக்கொண்டு தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாமரை நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய அனந்தநாராயணன் ஐயா அவர்களே! துண்டை உதறித் தோளில் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் வேலாங்குளத்துப் பெரியவர் முத்துக்கருப்பன் ஐயா அவர்களே! ஒரே கட்டடத்தை ஓராயிரம் முறை வரைந்தும் ஓயாத விரல்களுக்குச் சொந்தக்காரர், நம் கட்டடக்கலை வல்லுநர் மைத்ரேயி அவர்களே! தூக்குக்குண்டும் கையுமாக, "எப்பம்மா முடிப்ப?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் கொத்தனார் மொக்கையன் அண்ணே! மடியில் குழந்தையும் கையில் விசிறியுமாக முன்வரிசையை ஆள்கின்ற தாய்மார்களே! ஒத்தக்கடை பஸ்ஸைத் தவறவிட்டாலும் இந்த விழாவைத் தவறவிட மாட்டோம் என்று வந்து நிற்கும் என் உறவுகளே! உங்கள் அனைவருக்கும், தாமரை நகரில் குடியிருந்து வேலாங்குளத்துப் பள்ளியில் தமிழ் சொல்லித் தரும் இந்த இசைவாணியின் வணக்கம் உரித்தாகட்டும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தெரிகிறது ஐயா. பத்தரைக்குள் நிலை எழும்ப வேண்டும். தமிழ் வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நல்ல நேரத்தையும் எதிர்பார்த்தால் எப்படி? சரி, சரி, சீக்கிரமே முடித்துக்கொள்கிறேன். அண்ணே, சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நண்பர்களே! கடைக்கால் போடத் தோண்டும் பள்ளத்துக்கு நம் கொத்தனார்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? வானம்! பூமியைத் தோண்டுகிறோம், பெயரோ வானம்! உலகத்தில் எந்த மொழிக்காரனுக்கு இந்தத் துணிச்சல் வரும்? குனிந்து மண்ணை வெட்டுகிறவனை நிமிர்ந்து பார்க்க வைத்த சொல் அல்லவா அது! அந்த வானத்தை நாம் தோண்டினோம். தோண்டிவிட்டுச் சண்டை போட்டோம். சண்டை முடிவதற்குள் மேலே இருக்கிற வானம் பெய்து கீழே இருக்கிற வானம் நிறைந்துவிட்டது. தவளை கத்தியது. நாமும் கத்தினோம். எது தவளை, எது தலைவர் என்று தெரியாமல் வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தச் சண்டையைத்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கூடம் ஏன் வேண்டும் என்று தோன்றியது? ஆடம்பரத்துக்கா? அடுத்த ஊர் பார்த்து அசர வேண்டும் என்பதற்கா? இல்லை. ஓர் ஐப்பசி அடைமழையில் தோன்றியது. மேலூர் சாலையில் லோடு வண்டி ஓட்டிய நம் வேலாங்குளத்துக் கண்ணுச்சாமி அண்ணன் கண்ணை மூடிய நாள் அது. ஒற்றை அறை வீடு. உடலைத் தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். மேலே தார்ப்பாய். கட்டக் கம்பமில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் நின்று கையால் தூக்கிப் பிடித்தார்கள். பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. தலைமாட்டில் அவருடைய அக்கா சின்னத்தாய், தம்பி முகத்தில் தெறித்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கத் தெறித்தது. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டோம். "நாளைக்கு முகூர்த்தம் இருக்குங்க, கெட்டதுக்குக் குடுக்க மாட்டோம்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாளைக்கு வரும் மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டுமே.

கிராமத்தில்தான் இந்தக் கொடுமை, நகரில் இல்லை என்று நினைத்தோம். தை மாதம் நம் தலைவரின் துணைவியார் பாகீரதி அம்மா போனார்கள். மூன்றாவது மாடி. லிஃப்டில் படுக்க வைக்க இடமில்லை. நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் இறக்கினார்கள். ஊருக்கெல்லாம் காபி கொடுத்த அந்த மகராசியை இரண்டு காருக்கு நடுவில் கிடத்தினோம். அதில் ஒரு காருக்குச் சொந்தக்காரர் வேலைக்குப் போக வேண்டும். எடுக்கட்டுமா என்று கேட்கவும் வாயில்லை, எடுக்காமல் போகவும் வழியில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அன்றைக்கு முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவர் யார்? இதோ, இந்த முத்துக்கருப்பன் ஐயா! அதுவரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். அன்றைக்குத்தான் ரோடு குறுகியது.

ரோட்டோரம் இருந்த களத்துமேட்டை வேலாங்குளத்தார் பொதுவுக்குக் கொடுத்தார்கள். கூட்டம் போட்டோம். எப்படிப்பட்ட கூடம் வேண்டும் என்று மைத்ரேயி கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏ.சி. வேண்டும் என்றார் ஒருவர். கிடா வெட்டிச் சமைக்க அடுப்படி வேண்டும் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டு முகம் மாறிய சைவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு; பெயர் சொல்ல மாட்டேன். கடைசியில் மெதுவாக எழுந்தார் கண்ணுச்சாமி அண்ணனின் மனைவி கனகலட்சுமி. "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. நல்லது கெட்டதுக்கு ஒரு இடம் வேணும். அம்புட்டுத்தான்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். மைத்ரேயி எழுதிக்கொண்டார். அவர் வாசலை வரைந்து வருவதற்குள் நாம் வானத்தைத் தோண்டி ஜல்லியும் போட்டுவிட்டோம்.

அங்கேதான் வந்தது வினை! நாம் "நல்லது கெட்டது" என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். உப்பு புளி என்பது போல, போக்குவரத்து என்பது போல. மைத்ரேயி அதை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டார்! விரித்துக் காட்டிய வரைபடத்தில் கூடத்துக்கு இரண்டு வாசல். வடக்கே ஒன்று, அதற்கு மேல் 'நல்லது'. தெற்கே ஒன்று, அதற்கு மேல் 'கெட்டது'. மைத்ரேயி, சிரியுங்கள், இன்றைக்குச் சிரிக்கலாம்! அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், வடக்கே இருப்பது தாமரை நகர். தெற்கே இருப்பது வேலாங்குளம்.

சின்னத்தாய் அக்கா எழுந்தார். எழுந்தாரா, எரிமலையானாரா! "ஏத்தா, நல்லது அவுகளுக்கு, கெட்டது எங்களுக்கா? என் தம்பிய அந்தத் தெருவுல போட்டு அழுதது பத்தாதா? தெனமும் எங்க வாசலுக்கு நேரா எழவு எறங்கணுமா?" என்றார். வரைபடத்தை அப்படியே திருப்பிப் போட்டார் முத்துக்கருப்பன் ஐயா. உடனே நம் நகரத்து நண்பர்கள், "ஐயய்யோ, அந்தப் பக்கம் பிள்ளைங்க ஸ்கூல் வேனுக்கு நிக்கிற இடமாச்சே" என்றார்கள். கிழக்கே வைக்கலாமா? பள்ளிக்கூடம். மேற்கே? கண்மாய், அங்கே முனியாண்டி சாமி இருக்கிறார், அவரிடம் போய் யார் கேட்பது? நான்கு திசையும் முடிந்துவிட்டது. இனி மேலே இருந்து இறக்கினால்தான் உண்டு என்றார் மொக்கையன் அண்ணன். வேலை நின்றது. பேச்சு நின்றது. ரோடு மறுபடியும் அகலமானது. போட்ட ஜல்லியில் புல் முளைத்தது.

நான் ஒன்று கேட்கிறேன். மைத்ரேயி செய்தது தவறா? சொன்னதை வரைந்தார். கெட்டதுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று வாயால் சொன்ன நாம், வரைந்து காட்டியவுடன் பயந்துவிட்டோம். கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுவோம். வளைகாப்புக்கு வளையல் அடுக்குவோம். சாவு வந்தால் மட்டும் அடுத்தவன் பக்கம் கையைக் காட்டுவோம். அது அடுத்தவன் வீட்டுக்கு மட்டும் வருகிற விருந்தாளியா?

ஊர் இரண்டு பட்டு நின்ற அந்த நாளில் மறுபடியும் எழுந்தவர் கனகலட்சுமிதான். சத்தம் போடவில்லை. சாபம் விடவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறேன். "உங்க வீட்டுலயெல்லாம் ரெண்டு வாசலா வச்சிருக்கீக? எங்க வீட்டுல ஒத்த வாசல்தான். மாலையும் கழுத்துமா அவரு கையப் புடிச்சுக்கிட்டு அதுல தான் உள்ள வந்தேன். எம் புள்ளையப் பெத்துத் தூக்கிக்கிட்டு அதுல தான் உள்ள வந்தேன். அவரை வெளிய கொண்டு போனதும் அதே வாசல்லதான். அதுக்காக அந்த வாசலை நான் அடைச்சா வச்சிருக்கேன்? தெனமும் தண்ணி தெளிச்சுக் கோலம் போடத்தானே செய்றேன்?"

அம்மா! எத்தனை பட்டிமன்றம் பேசியிருக்கிறேன், எத்தனை மேடை ஏறியிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு எதிரணியில் நின்று பேச எவருக்கு நாக்கு எழும்பும்? சின்னத்தாய் அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்ரேயி அங்கேயே பென்சிலை எடுத்தார். இரண்டு வாசலையும் அழித்தார். ரோட்டைப் பார்த்து, இரு ஊருக்கும் பொதுவாக, ஒரே ஒரு வாசல் போட்டார்.

"எம்புட்டு அகலம்?" என்றார் மொக்கையன் அண்ணன். அளவும் அங்கேயே எடுத்தோம். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, பொண்ணு மாப்பிள்ளையும் தோழனும் தோழியும் ஒரே வரிசையில் வருவது போல நாலு பேரை நடக்க விட்டோம். அடுத்து? பாடை போக வேண்டுமே! பெஞ்சின் மேல் ஒரு சிமெண்டு மூட்டையை வைத்து நாலு பேர் தோளில் தூக்கினார்கள். முன்னால் பிடித்த முத்துக்கருப்பன் ஐயா, "உசிரோட இருக்கும்போதே ஒத்திகை பாக்க வச்சுட்டீகளேடா, பாவிகளா!" என்றாரே! எத்தனையோ நாளைக்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. கல்யாணமும் இடிக்காமல், கடைசிப் பயணமும் இடிக்காமல் போகிற அகலத்தில் கோடு நின்றது. அந்த அகலத்தில் வேம்பு அறுத்துச் செய்த நிலைதான் இதோ, மாவிலையோடு படுத்திருக்கிறது. கடைக்கால் எழும்பிவிட்டது, தரைமட்டம் வந்துவிட்டது, இனி இந்த நிலை நிமிர வேண்டியதுதான் பாக்கி.

நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சுமங்கலிகள் தட்டோடு வந்துவிட்டார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். அந்த வாசலை நமக்குக் கொடுத்த கனகலட்சுமி எங்கே? நான் மேடையிலிருந்து பார்க்கிறேன். பந்தலுக்கு வெளியே, மணல் குவியலுக்குப் பக்கத்தில், நல்ல காரியத்தில் தன் நிழல் பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறார். முன்வரிசைத் தாய்மார்களே, உங்கள் மகள்களின் முகூர்த்த ஜாக்கெட்டைத் தைத்த கை யாருடையது? தையல்காரக் கனகலட்சுமியின் கைதானே? அந்தக் கை தைத்ததை உடுத்திக்கொண்டு தாலி ஏறியவர்கள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்?

காலையில் தலைவர் என்னை அழைத்தார். அனுமதி தந்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். "இசைவாணி, நானும் பாகீரதியைப் பறிகொடுத்தவன்தானே? எனக்கு மாலை போட்டு நாற்காலியில உட்கார வைக்கறீங்க. அந்தப் பொண்ணு மட்டும் ஏன் மணல்கிட்ட நிக்கணும்? நீ பேசு. நான் கேட்டா எனக்காகக் கேட்ட மாதிரி இருக்கும்" என்றார். இதோ, கேட்கிறேன் ஐயா. மனைவியை இழந்தவர் தலைமை தாங்கலாம் என்றால், கணவனை இழந்தவர் ஒரு மரத்தைத் தொடக் கூடாதா?

என்ன, முன்னால் சலசலப்பு? யார் எழுந்திருப்பது? சின்னத்தாய் அக்காவா! கையில் மஞ்சள் தட்டு. அக்கா, சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லையாம். சரி, நானே சொல்கிறேன். "ஏ கனகு, இங்கிட்டு வாடி, நேரமாகுது" என்கிறார். அதற்குக் கனகலட்சுமி, "வேணாம் மதினி, நல்ல காரியம், நான் இங்கனயே நின்னு பாத்துக்கிறேன்" என்கிறார்.

அமைதி, அமைதி! அக்கா திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். "நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒத்த வாசல்னு எங்க எல்லாருக்கும் நீதானடி சொன்ன? இப்ப நீயே போயி ரெண்டாவது வாசல்ல நிக்கிற!"

அன்பர்களே! இதற்கு மேல் பேச இந்த இசைவாணிக்கு ஒன்றும் இல்லை. சின்னத்தாய் அக்கா தட்டோடு மணல் குவியலுக்கே போய்விட்டார். தம்பிகளே, வழி விடுங்கள். தாய்மார்களே, குலவை போடுங்கள். தலைவர் எழுந்து நிற்கிறார், நாமும் எழுவோம். கனகலட்சுமி, மெதுவாக வாருங்கள், நல்ல நேரம் காத்திருக்கும். பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், தார்ப்பாயைப் பிடித்த கைகளுக்கும், தோள் கொடுத்த தோள்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அதோ, மஞ்சளைத் தொட்டுவிட்டார். மொக்கையன் அண்ணே, நிலையைத் தூக்குங்கள்! வணக்கம்.