பூமாரியின் முன்பற்கள்

என் பெயர் நயினார். தகப்பனார் பெயர் சங்கரநாராயணன். வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. பம்பாய் தாராவியில் பலசரக்குக் கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே குடியிருந்து வருகிறேன். நேற்று நான் கொடுத்த வாக்குமூலம் தவறு என்று தெரிந்ததால், அதைத் திருத்த இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் மனைவி பூமாரி, வயது இருபத்தேழு, முந்தாநாள் காலையில் கோவண்டியிலுள்ள தன் தாயார் ஆவுடையம்மாளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். மழையாக இருந்ததால் குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எடுத்துக்கொள்ளவில்லை. இரவு திரும்பாததால் அங்கேயே தங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் கடைக்கு வந்தவர்கள், குர்லாவில் ஒரு பெண் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இறந்ததாகவும், யார் என்று தெரியவில்லை என்றும் பேசிக்கொண்டதைக் கேட்டு, பயந்துபோய் இங்கே வந்தேன்.

அதன் பிறகு என்னைப் பிணவறைக்கு அழைத்துப்போய் முகத்துத் துணியை மட்டும் விலக்கிக் காட்டினார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கழுத்தில் தாலி இல்லை. வாய் திறந்திருந்தது. மேல்வரிசை முன்பற்கள் காவி நிறமாக, அரத்தால் தேய்த்ததுபோல் குட்டையாக இருந்தன. பூமாரிக்குப் பல்தான் அழகு. பெண் பார்த்தபோது நான் சம்மதித்ததே அதற்காகத்தான். எனவே, என் மனைவியின் முன்பற்கள் வெள்ளை, இது அவள் அல்ல என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து டீ குடித்தேன்.

அதன் பிறகு பூமாரியை அழைத்துவரக் கோவண்டிக்குப் போனேன். அவள் அங்கே வரவே இல்லை. ஆவுடையம்மாள் அழத் தொடங்கியதால், "பயப்படாதீங்க அத்தை, அந்தப் பொம்பளைக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் குட்டையா இருந்துச்சு" என்று தைரியம் சொன்னேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "அதுதான் மருமவனே அவ பல்லு. ஊருத் தண்ணியில காவி ஏறுனது. கல்யாணத்துக்கு முன்னால டாக்டரு மேல வெள்ளையா ஒட்டிக் குடுத்தாரு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா" என்றார்.

நான் நம்பவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவில் அந்தப் பல் டாக்டர் வேங்கடசுப்ரமணியனைப் பார்த்தேன். பல்லின் மேல்பரப்பையும் நுனியையும் தேய்த்து, அச்செடுத்து, பல்செட் செய்யும் பொருளில் மெல்லிய ஓடு வார்த்து ஒட்டுவது என்றும், இது நோய்க்காக அல்ல, பார்வைக்காக மட்டும் செய்வது என்றும், தேய்த்த பல் திரும்ப வளராது என்றும், பலமாக அடிபட்டால் ஓடு தெறித்துவிடும் என்றும் சொன்னார். ஓடு தளரும்போதெல்லாம் பூமாரி வந்து ஒட்டிக்கொண்டு போவாளாம். என்னிடம் மாட்டுங்கா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். "ஆத்துக்காரர்ட்ட சொல்லிடும்மான்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'அவருக்கு என் பல்லுதான் டாக்டர் பிடிக்கும்'னுட்டா" என்றார் டாக்டர்.

கல்யாணமான நாள் முதல் அவள் முறுக்கைக் கையால் ஒடித்துக் கடைவாயில் போட்டுத்தான் தின்பாள். மகாராணி என்று கேலி செய்திருக்கிறேன்.

அதன் பிறகு இன்று காலை மறுபடியும் பிணவறைக்குப் போய், காலைக் காட்டச் சொன்னேன். இடது புறங்காலில் கஞ்சி கொட்டிய தழும்பு இருந்தது. அதற்கு மருந்து போட்டவன் நான். தாலி விழுந்த இடத்தில் அறுந்து போயிருக்கலாம். நேற்றே காலைக் காட்டச் சொல்லியிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. அது என் மனைவி பூமாரி.

பிரேதத்தை என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். அடையாளம் எழுதும் இடத்தில் கால் தழும்பை மட்டும் எழுத வேண்டுகிறேன். அவள் மறைத்து வைத்ததை நான் ஊருக்குச் சொல்ல விரும்பவில்லை. அவள் முன்பற்கள் வெள்ளை என்று நேற்று நான் சொன்ன வரியை மட்டும் அடிக்க வேண்டாம்.

நான் தமிழில் சொன்னதை ரைட்டர் பஞ்சாபகேசன் எழுதி வாசித்துக் காட்டினார். கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
ச. நயினார்