மிச்சம் இருக்கிறதென்று எழுத மறுத்த கைக்கு

“உள்ள மிச்சம் இருக்குன்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. சுத்தம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

“இல்லாததை எழுத மாட்டேன்.”

“ஒரு வரிதானே?”

“அந்த ஒரு வரிக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்.”

எழுதித் தரக் கேட்ட குரல் எங்கள் பெரிய டாக்டருடையது. கதவைத் தாண்டி, மருந்து வாங்கும் வரிசை வரைக்கும் ஒலித்த அந்த மறுப்புக் குரலுக்கு உரியவரே, இருட்டறையில் இருந்தும் எதையும் இருட்டடிப்புச் செய்யாதவரே, பணிந்து பேசத் தெரிந்தும் பணிய மறுத்த பெருந்தகையே, எங்கள் ஸ்கேன் டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் பொறுமையைப் புகழுமாறு எங்களுக்கு அறிவுரை கிடைத்தது. பொறுமையை நாங்கள் பார்த்ததில்லை, பார்த்ததைப் புகழ்கிறோம். அந்தச் சண்டையை இம்மடலிலிருந்து நீக்கச் சொன்ன பெரிய டாக்டர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நீக்கவில்லை.

அன்று படுக்கையில் இருந்தவள் கரு கலைந்த இளம்பெண். ஒருமுறை கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாகிவிட்டது. உதிரப்போக்கு இன்னும் நிற்கவில்லை. மறுபடி சுரண்டினால் உள்ளே தழும்பேறி, பின்னொரு கரு தங்காமலே போகக்கூடும். பெரிய டாக்டருக்கு அவசரம். உடன் வந்த மாமியாருக்கு அதைவிட அவசரம்.

“அதோ கருப்பா இருக்கே, எனக்கே தெரியுதே,” என்று திரையைத் தொட்டுக் காட்டினார் மாமியார்.

“அது மூத்திரப்பைம்மா. எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கு.”

எங்கள் முகக்கவசங்கள் அன்றுதான் முழுப்பயன் தந்தன.

கருவின் மிச்சமென்றால் பெரும்பாலும் அதற்குள் ரத்தம் ஓடும், திரையில் நிறம் காட்டும். இதில் நிறமே இல்லை, இது உறைந்த ரத்தம் என்று தாங்கள் கருவியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினீர்கள். பெரிய டாக்டருக்கல்ல, திரையைத் திருப்பி அந்தப் பெண்ணுக்கு.

“காய்ச்சல் வந்தாலோ ரத்தம் அதிகமாப் போனாலோ உடனே ஓடி வா. இல்லன்னா அடுத்த வாரம் வா, திரும்பப் பாப்போம். நான் சொன்னது தப்புன்னா நானே எழுதித் தரேன்.”

அந்த வாரம் முழுக்க, டாக்டரம்மாவின் வேலை தப்புமா என்பதே கேன்டீனில் பேச்சு. தாங்களோ பக்கத்து மேசையில் அமர்ந்து, தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். ரத்தக்கட்டி தானாகவே வெளியேறிக் கருப்பை தெளிந்திருந்தது. “நான் அப்பவே சொல்லல?” என்று சொல்லிக்காட்டாமல் விடும் பெருந்தன்மை தங்களிடம் உண்டா என்று காத்திருந்தோம். இல்லை. மாடி வரைக்கும் கேட்டது.

மறுக்க வேண்டியதை மறுத்த மாண்பே, நோயின்றி, நலிவின்றி, எவர்க்கும் வெறுமனே தலையாட்டாமல் நெடுநாள் வாழ்க.

இனி, எல்லோரும் கேட்க நினைக்கும் செய்தி. மாமியார் தம் வயிற்றுவலிக்கும் தங்களிடமே வந்தார்; இன்றுவரை திரையை எங்களுக்கு விளக்குகிறார். அந்தப் பெண் அந்த வீட்டை விட்டு வெளியேறி, வேறூரில் வேறொருவரை மணந்துகொண்டாள். குழந்தை உண்டா என்று விசாரிக்கத் துடித்த எங்களிடம் தாங்கள் சொன்னது:

“அவ வயித்தப் பத்தி அவ கேட்டா சொல்லுவேன். நீங்க யாரு கேக்க?”

ஆகையால், எங்களுக்குத் தெரியாது.

தங்களிடம் ஏச்சு வாங்கிய பெருமையுடன்,
மகளிர் பிரிவுச் செவிலியர், ஆயாக்கள் மற்றும் லிஃப்ட் ஓட்டுபவர்